கை நீட்டினால் துள்ளுகிறது: இது வலிப்பா, பயமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. இரண்டு மாதங்களுக்கு முன் கடும் ஆஸ்துமாவில் மூச்சும் இதயத் துடிப்பும் நின்று, தீவிர சிகிச்சையில் பிழைத்தார். இப்போது நினைவு தெளிவாக இருக்கிறது. ஆனால் தம்ளரை எடுக்கப் போனால் கை வெட்டி இழுக்கிறது. எழுந்து நின்றால் கால் மடங்கி விழுகிறார். உறவினர்கள் பயம் என்கிறார்கள். இது வலிப்பு நோயா?

பதில்: நேரில் பரிசோதிக்காமல் உறுதியாகக் கூற இயலாது. எனினும், மூளைக்குச் சிறிது நேரம் ஆக்சிஜன் கிடைக்காமல் போனவர்களுக்கு, நினைவு திரும்பிய சில நாட்களிலோ வாரங்களிலோ தோன்றும் தசைத் துள்ளலாகவே இது தெரிகிறது. 1963-இல் லான்ஸ், ஆடம்ஸ் ஆகிய இரு நரம்பியல் மருத்துவர்கள் இதை விவரித்ததால் அவர்கள் பெயராலேயே லான்ஸ்-ஆடம்ஸ் நோய்க்குறித்தொகுப்பு என்று அழைக்கிறோம்.

அவர் சும்மா படுத்திருக்கையில் கை அநேகமாக அமைதியாக இருக்கும். தம்ளரை நோக்கி நீட்டி, விரல் அதைத் தொடப்போகும் நேரத்தில்தான் துள்ளல் உச்சத்துக்குப் போகும். கால் மடங்குவது இதன் மறுபக்கம்: நிற்கத் தாங்கும் தசைகளின் இறுக்கம் ஒரு கணம் அறுந்துவிடுகிறது. திடீர்ச் சத்தமும் பதற்றமும் இதைக் கூட்டுவதால் பயம் என்று தோன்றுகிறதே தவிர, பயம் இதற்குக் காரணம் அல்ல. வழக்கமான வலிப்பும் அல்ல. ஆனால் சிலருக்கு வலிப்பும் உடன் வரக்கூடும் என்பதால் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை தேவை.

இணையத்தில் தேடியிருந்தால், இத்தகைய துள்ளல் கெட்ட அறிகுறி என்று படித்துக் கலங்கியிருப்பீர்கள். அது, முதல் ஓரிரு நாட்களில் ஆழ்மயக்கத்தில் இருப்பவருக்கு வரும் துள்ளலைப் பற்றியது. உங்கள் கணவரின் நிலை வேறு.

இந்தத் துள்ளலுக்குக் குளோனாசெபாம், லெவெடிராசெட்டாம், வால்புரோயேட் ஆகிய மருந்துகள் பயன்படுகின்றன. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை தேவைப்படும். குளோனாசெபாம் தூக்கத்தையும் லெவெடிராசெட்டாம் எரிச்சலையும் தரலாம். அதற்காக நீங்களாக நிறுத்தினால் துள்ளலும் வலிப்பும் திடீரெனப் பெருகக்கூடும். வலிப்பு மாத்திரைதானே என்று ஃபெனிடோயின், கார்பமசெபின் போன்றவற்றைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவை சிலருக்குத் துள்ளலை அதிகப்படுத்தும். மது அருந்தினால் சிலருக்குத் துள்ளல் தற்காலிகமாக அடங்குவது உண்மைதான், ஆனால் அதை ஒருபோதும் மருந்தாகக் கொள்ளலாகாது. முற்றிலும் மறையும் என்று வாக்களிக்க முடியாது. மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் சேர்ந்து, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் முன்னேற்றம் வரும்.

அதுவரை தம்ளரைப் பாதி மட்டும் நிரப்புங்கள், குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்துங்கள். நினைவு தப்பினாலோ துள்ளல் 5 நிமிடங்களுக்கு மேல் நிற்காமல் தொடர்ந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இதற்கிடையே ஆஸ்துமா மருந்து விட்டுப்போகக் கூடாது. துள்ளும் கையால் இன்ஹேலரைச் சரியாக அழுத்த அவரால் முடியாது என்பதால், ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய் போன்ற கூடு) பொருத்தி நீங்களே உடனிருந்து கொடுங்கள்.