மாமாவோட ரிசப்ஷன் கோட்டு

வணக்கம் அண்ணா,

நான் பாலக்கோடு பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன், ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில இருந்து இன்டர்வியூக்கு கூப்பிட்டிருக்காங்க. கோட் சூட் போட்டுட்டு போனா மதிப்பா இருக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. அக்கா ரிசப்ஷனுக்கு மாமா தைச்ச கோட்டு சும்மாதான் கிடக்கு, கொஞ்சம் லூசு, போடலாமா? டை என்ன கலர், தாடி எடுக்கணுமா, சென்ட் அடிக்கலாமா? இன்னொண்ணு, அப்பா கூட வர்றேன்னு நிக்கறாரு. அவரு வேட்டி துண்டுதான், கம்பெனி வாசல்ல அசிங்கமா இருக்குமோன்னு பயமா இருக்கு. என்ன பண்ணலாம்?

தம்பிக்கு,

சென்ட் வேணாம், குளிச்சா போதும். தாடி உன் இஷ்டம், ட்ரிம் பண்ணியிருந்தா சரி. டை பத்தி பேச்சே வேணாம், நீ போறது மெஷின் ஓடற இடம், டையத் தொங்க விட்டுக்கிட்டு லேத் பக்கத்துல போனீன்னா சூப்பர்வைசர் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி அத அவுக்கச் சொல்வாரு, இரும்பப் பிடிச்சுக்கிட்டு சுத்தற சக்குல துணி மாட்டுனா கழுத்தையும் சேத்து இழுத்துக்கும்.

கோட்டுக்கு வருவோம். போன வாரந்தான் எங்க தெரு டெய்லர் கடையக் காலி பண்ணிட்டுப் போனாரு, இப்ப பழைய புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கறவங்கதான் மிச்சம், அந்த வருத்தத்துல இருந்தப்பதான் உன் கடிதம் வந்துச்சு, அதான் உக்காந்து எழுதறேன். கோட்டுங்கறது தோள்ல உக்கார்ற துணிப்பா. மத்த எல்லாத்தையும் பிடிக்கலாம், சுருக்கலாம், தோள் பெருசா இருந்தா கைய பூரா கழட்டி மறுபடி ஏத்தணும், அதுக்கு புதுசே தைச்சிடலாம்னு டெய்லரே சொல்லிடுவாரு. மாமா தோளு உன் தோளு இல்ல. போதாததுக்கு ரிசப்ஷன் கோட்டு, காலர்ல பளபளன்னு சாட்டின் மின்னும், ஸ்டேஜ்ல லைட்டுக்கு நல்லாத்தான் இருக்கும், பகல் பதினோரு மணிக்கு ஹெச்.ஆர் ரூம்ல அது மாப்பிள்ளை ஊர்வலம் வழி தப்பி வந்த மாதிரி இருக்கும். நெறைய பேரு புதுக் கோட்டோட கைல கம்பெனி லேபிள் தைச்சிருக்கறதக்கூட பிரிக்காம சுத்தறான், பின்னாடி வெட்டுல பெருக்கல் குறி மாதிரி ஒரு நூல் போட்டிருப்பாங்க, கடைல மடிப்பு கலையாம இருக்கறதுக்காக, அதையும் பிரிக்கறதில்ல. வெலை தெரியணுமாம்.

எங்க பெரியப்பா காரிமங்கலத்துல டெய்லர். அளவெடுக்கும்போது எவனாச்சும் நெஞ்ச நிமித்தி வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நின்னா டேப்ப தோள்ல போட்டுக்கிட்டு உக்காந்துடுவாரு, "நாள் பூரா இப்படியே நிக்கப் போறியா, மூச்ச விடுய்யா, அப்புறம் எடுக்கறேன்"பாரு. மாங்கூழ் ஃபேக்டரிக்காரர் ஒருத்தரு பேங்க்ல லோன் விஷயமா மேனேஜரப் பாக்கணும்னு சட்டை தைக்க வந்தாரு. பெரியப்பா அவர நிக்க வெச்சு அளந்துட்டு விடல, ஸ்டூல்ல உக்கார வெச்சு, கையெழுத்துப் போடற மாதிரி கைய நீட்டுங்கன்னு சொல்லி, அப்ப கஃப் மணிக்கட்டு எலும்ப விட்டு எவ்ளோ மேல ஏறுதுன்னு பாத்து நோட்டுல ஒரு காலிஞ்ச் கூட்டி எழுதுனாரு. அங்க போயி நிக்கப் போறதில்லையே, உக்காந்து கையெழுத்துதானே போடப் போறாரு! பேண்ட்டு பின் தையல்ல உள்ள ஒரு இஞ்ச் துணி விட்டுதான் தைப்பாரு, கல்யாணம் ஆனா பிரிச்சுக்கலாம்னு. இன்னிக்கு ரெடிமேட்ல அந்த ஒரு இஞ்ச்தான் மொதல்ல காணாம போச்சு.

ரெடிமேட்ட நான் திட்டல. ஆனா அதுல நாப்பதுன்னு போட்டிருந்தா மார்ப வெச்சு ஒரு கணக்கு, அவ்ளோதான், உன் கை நீளம் தோள் அகலம் அவனுக்கு எங்க தெரியும். அதனால கடைல சட்டை எடுக்கும்போது தோள மட்டும் பாரு. கைய வெச்சு தடவிப் பாரு, தோள் எலும்பு முடியற எடத்துல தையல் இருக்கணும், கைல தொங்கக் கூடாது. இடுப்பு லூசா இருந்தா பரவால்ல, சைடு பிடிக்கறது சின்ன வேலை. மேல் பட்டன் போட்டா காலருக்குள்ள ரெண்டு விரல் போகணும். பிட்டு எடுத்து தைக்கறதா இருந்தா 58 இஞ்ச் அகலத்துல சட்டைக்கு 1.60 மீட்டர், பேண்ட்டுக்கு 1.20 போதும், நீ உயரம்னா 1.30. லினன் எடுக்காத, ராயக்கோட்டை தாண்டறதுக்குள்ள பஸ்ல கசங்கி கந்தலாயிடும், பாலியெஸ்டர் கலந்த காட்டன் எடு. வெளிர் நீலமோ வெள்ளையோ, கீழ கருநீலம் இல்லன்னா சாம்பல். பெல்ட்டும் ஷூவும் ஒரே கலர். சாக்ஸ் உக்கார்ந்தா கால் தெரியாத அளவு நீளமா இருக்கட்டும். இதுக்கு மேல யாராச்சும் சொன்னா கேக்காத.

இப்ப அப்பா விஷயம். இத எழுத உனக்கு கை எப்படி வந்துச்சு? ஓசூர்ல எறங்கி கேட்டுப் பாரு, தொரப்பள்ளி பக்கத்துலதான் இருக்கு, அங்க பொறந்த ராஜாஜி 1948ல இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரல், மவுண்ட்பேட்டன் மெடல் குத்துன யூனிஃபார்ம்ல உக்காந்த நாற்காலில கதர் வேட்டியோட போயி உக்காந்தவரு. 2014ல சென்னைல ஒரு கிரிக்கெட் கிளப்புல ஐகோர்ட் ஜட்ஜ் ஹரிபரந்தாமன் வேட்டில வந்தாருன்னு உள்ள விடல, ஊரே கொதிச்சுது, அடுத்த மாசமே சட்டசபைல சட்டம் போட்டாங்க, வேட்டிக்காக தடுத்தா லைசென்ஸே ரத்தாகும்னு. 2019ல தலைமைச் செயலக ஊழியர்களுக்கு டிரஸ் ஆர்டர் வந்தப்பகூட சட்டை பேண்ட்டோட வேட்டியும் சேத்துதான் எழுதியிருந்துச்சு. கவர்மென்ட்டுக்கு ஓகே, ஜட்ஜுக்கு ஓகே, உனக்கு மட்டும் அசிங்கமா? வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் என்ன நெனைப்பாருன்னு பயப்படறியே, அவரு ஊருக்குப் போனா கட்டறதும் அதே வேட்டிதான்டா.

கோச்சுக்காத. முதல் வேலைக்குப் போறவன் வயித்துல என்ன ஓடும்னு எனக்கும் தெரியும். இன்டர்வியூ ரூமுக்குள்ள அப்பா வரக் கூடாது, அது வேற, யாரோட அப்பாவும் வரக் கூடாது. கேட்டுக்கு வெளிய டீக்கடைல உக்காந்திருக்கட்டும், நீ வெளிய வந்ததும் சேந்து சாப்புட்டு வாங்க. அவரோட வேட்டிய முந்தின நாள் நீயே இஸ்திரி போட்டுக் குடு.

இன்டர்வியூ என்னிக்குன்னு எழுதவே இல்ல பாரு. எதுக்கும் இன்னிக்கே போயி சட்டையக் குடுத்துடு, சொன்ன தேதில குடுத்த டெய்லர் எங்க பெரியப்பாவ சேத்து இன்னும் பொறக்கல.