பழந்தின்னி வௌவால் எச்சத்தை மண்புழுத் தொட்டியில் போடலாமா?

கேள்வி: தோட்டத்து ஆலமரத்தில் பெரிய பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக அடைகின்றன. கொய்யாவைக் கடித்துப் போடுகின்றன. மரத்தடி எச்சத்தை நேரடியாக உரமாக இடலாமா, ஆப்பிரிக்க மண்புழுவுக்குக் கொடுக்கலாமா? வௌவால், மண்புழு இரண்டில் நிலத்துக்கு உதவுவது எது?

பதில்: நேரடியாக இடாதீர்கள். தழைச்சத்து மிகுந்தது என்று பெயர் பெற்றது, குகைகளில் குவியும் பூச்சி தின்னும் வௌவால்களின் எச்சம். பழந்தின்னி அப்படியல்ல. பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். விழுங்கியதும் விரைவிலேயே வெளியேறிவிடும். உங்கள் மரத்தடியில் கிடப்பது பெரும்பாலும் சக்கை, இனிப்புச் சாறு, முளைப்புத்திறன் உள்ள விதை.

இதைப் பச்சையாகத் தொட்டியில் கொட்டினால் சர்க்கரை புளித்துச் சூடேறும். ஆப்பிரிக்க மண்புழுவுக்கு 25–30 டிகிரி செல்சியஸ்தான் தோது. 35-ஐத் தாண்டினால் ஓடும் அல்லது சாகும். ஆனால் விதையைக் கொல்லும் அளவுக்கு மண்புழுப் படுக்கை சூடாகாது என்பதால் விதையும் சாகாது. அந்த உரத்தை இடும் இடமெல்லாம் ஆலங்கன்று முளைக்கும்.

எனவே மக்கவைத்த பிறகே புழுவுக்குக் கொடுங்கள். முதலில் எச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்து நனையுங்கள். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசியோடு பூஞ்சை வித்துகள் நுரையீரலுக்குள் போகும். முகக்கவசம், கையுறை கட்டாயம். ஒரு பங்கு எச்சத்துக்கு மூன்று பங்கு சாணம், ஒரு பங்கு காய்ந்த இலை கலந்து மூன்றடி உயரத்துக்குக் குவியுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். வாரம் ஒருமுறை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். சுமார் மூன்று வாரத்தில் சூடு தணிந்து புளிப்பு வாடை போன பிறகு, ஒரு சட்டியில் பத்துப் புழுக்களை விட்டுப் பாருங்கள். ஒருநாள் கழித்தும் உள்ளேயே இருந்தால் தொட்டிக்கு மாற்றலாம்.

எது உதவும் என்றால், இரண்டின் வேலையும் வேறு. ஆப்பிரிக்க மண்புழு இரண்டு மாதத்துக்குள் முதிர்ந்து பெருகும். ஆனால் அது தொட்டிக்கான புழு, மக்கில்லாத வயலில் நிலைக்காது. வயலைத் துளைத்து உழுவது உள்ளூர் மண்புழு. வௌவாலோ ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும். இலுப்பை, அத்தி விதைகளைப் பரப்பும் அதைக் கொன்றால் கூட்டம் எளிதில் மீளாது. புகை போட்டும் விரட்டாதீர்கள்.

கொய்யாவுக்குப் பிஞ்சிலேயே பை கட்டுங்கள். வலை போட்டால் கண்ணி 5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்த வலையில் வௌவால் சிக்கிச் செத்துப்போகும். கடித்த பழத்தை மனிதர் உண்ணக்கூடாது, மாட்டுக்கும் பன்றிக்கும் போடக்கூடாது. 1998–99-இல் மலேசியாவில் நிபா வைரஸ் வௌவாலிலிருந்து பன்றிக்கும் அதிலிருந்து மனிதருக்கும் பரவியது. அத்தகைய பழங்களைக் கையுறையோடு பொறுக்கி, அன்றே குவியலின் நடுவில் புதைத்துவிடுங்கள். குவியலைச் சுற்றிக் கால்நடை நுழையாதபடி வேலி இருக்கட்டும்.