எழுத்தைப் படிக்காமலே சிந்துவெளி மக்களின் அன்றாட வாழ்க்கை எப்படித் தெரிந்தது?

பெரும்பாலும் சின்னச் சின்னப் பொருள்களை வைத்துத்தான். எனக்குப் பிடித்த சான்று எடைக்கற்கள். கனசதுரமாகச் செதுக்கியவை, 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 16 மடங்குக் கல் சுமார் 13.7 கிராம். ஹரப்பா, மொகஞ்சதாரோ, லோத்தல் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தும் எங்கும் ஏறக்குறைய இதே அளவுதான். ஊர் விட்டு ஊர் போனாலும் எடை மாறாத வியாபாரம் நடந்திருக்கிறது, சரியா? இவர்களது முத்திரைகள் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இருந்த 'ஊர்' (Ur) என்ற பெயருள்ள நகரம் வரை போயிருக்கின்றன.

வீடுகளில் செங்கல் பாவிய குளியலறையும், கழிவுநீர் தெரு வாய்க்காலுக்குப் போக வழியும் இருந்தன.

அப்புறம் விளையாட்டு. சுடுமண் மாட்டுவண்டி பொம்மைகள் கிடைத்தன. பகடைகளும் உண்டு, ஆனால் மொகஞ்சதாரோ பகடையில் 1-க்கு எதிரே 2, நம்முடையதில் 6!