கருவாட்டு நாற்றம் என்றா சொன்னீர்கள்?

கேள்வி: ஜப்பானில் ககோஷிமாவில் வேலை பார்க்கும் என் மகன், எங்களை மகுராசாக்கி என்ற கடற்கரை ஊருக்கு அழைத்துப் போகிறேன் என்கிறான். படங்களில் பார்த்தால் துறைமுகமும் மீன் ஷெட்டுகளும்தான். அவ்வளவு தூரம் போய் கருவாட்டு நாற்றத்தை மோந்துவிட்டு வர வேண்டுமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கட்டாயம் போக வேண்டும். அதுவும் தூத்துக்குடிக்காரர் இப்படிக் கேட்கலாமா? அங்கே காய்வது உங்கள் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே சூரை மீன்தான். வேகவைத்து, புகை போட்டு, கட்டையாகும்வரை உலர்த்துகிறார்கள். பெயர் கட்சுவோபுஷி. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பானாலும் நூடுல்ஸ் குழம்பானாலும், ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளமான சாறு பெரும்பாலும் இதிலிருந்துதான் இறங்குகிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம், 20,000 பேர்கூடத் தேறாத இந்த ஊரிலிருந்து வருகிறது.

ஊர் இருப்பது சட்சுமா தீபகற்பத்தின் தென்கரையில். தெற்கிலிருந்து வரும் குரோஷியோ என்ற வெந்நீரோட்டத்தோடு சூரைக் கூட்டமும் வரும். மீனைப் பதப்படுத்தும் நுணுக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் கிஷூ (இன்றைய வகாயாமா) பகுதிக்காரர்கள். அது நடந்து 300 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

ஷெட்டுக்குள் நின்று பாருங்கள். பெரிய மீனை நான்காக அறுப்பார்கள். முதுகுத் துண்டு 'ஆண்', வயிற்றுத் துண்டு 'பெண்'. கொதி வராத சூட்டில் வேகவைத்து, சிமிட்டாவால் ஒவ்வொரு முள்ளாகக் கையாலேயே பிடுங்குவார்கள். சதை பிய்ந்த இடத்தில் மீன் விழுதை அப்பி மெழுகுவார்கள். அப்புறம் கருவேலம் அல்ல, ஓக் போன்ற வன்மர விறகில் புகை. ஆறவிட்டு மறுபடி புகை. இப்படியே வாரக்கணக்கில் போகும். உயர்ந்த ரகத்துக்கு அதோடு முடியாது. மேல்பரப்பைச் சீவி, நல்ல பூஞ்சையை ஏற விட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி பூஞ்சை ஏற்ற வேண்டும். அதற்கு ஆறு மாதம்கூட ஆகும். கடைசியில் பச்சை மீனின் எடையில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் காய்ந்த மரக்கட்டை போல 'டக்'கென்று கேட்கும். தச்சர் இழைப்புளி போன்ற பெட்டியில் வைத்துத்தான் சீவ வேண்டும். இத்தனை உழைப்பை ஒரே வார்த்தையில் நாற்றம் என்று தள்ளிவிடாதீர்கள், ஐயா.

இந்த ஊரின் பெயர் ஒரு பெருந்துயரத்துக்கும் உண்டு. 1945 செப்டம்பர் 17 அன்று மகுராசாக்கியில் கரையேறிய புயல் வடக்கே போய், அணுகுண்டு விழுந்து ஆறு வாரமே ஆன ஹிரோஷிமா மாகாணத்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் பலிகொண்டது. போரில் தந்தி, தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் எச்சரிக்கை மக்களைச் சென்றடையவில்லை.

ஊர்க்காரர்கள் சோர்ந்து உட்காருகிறவர்கள் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு விதிகளால் சரக்கை அங்கே அனுப்புவது கடினமானபோது, பிரான்ஸின் கொங்கார்னோ துறைமுகத்திலேயே ஆலை கட்டினார்கள். 2016இல் அங்கே புகை எழுந்தது.

சரி, ககோஷிமாவிலிருந்து ரயிலிலேயே போங்கள். காரைவிட மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை. இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். முதலில் விரிகுடா வரும், அப்புறம் கூம்பு வடிவில் 924 மீட்டர் உயர கைமோன் மலை. தண்டவாளம் முடிகிற இடம்தான் மகுராசாக்கி.