ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று காசு

அன்புள்ள சார்,

நாங்கள் நியூஜெர்ஸியில், டீனெக்கில் இருக்கிறோம். மகனுக்குப் பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு யூதக் குடும்பம். அவர்கள் பையனும் இவனும் கூட்டாளிகள். அவன் போவது யூதப் பள்ளி. பாதி நாள் மதப்பாடம், மீதி நாளில்தான் கணக்கு, அறிவியல் எல்லாம். வருடத்துக்கு இருபதாயிரம் டாலருக்கு மேல் ஃபீஸ் வேறு. போன வாரம் அவனிடம் ஸ்கூலில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். தெருவில் மீனும் ரொட்டியும் விழுந்து கிடந்தால் யாருக்குச் சொந்தம் என்று படிக்கிறானாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் காலத்தில் இதைப் படித்து என்ன செய்யப் போகிறான்? புரியாத மொழியில் ஜெபம் ஒப்பிக்க வைப்பதெல்லாம் மூளைச்சலவை ஆகாதா? இஸ்ரேல் பற்றி என்னென்ன சொல்லிக்கொடுக்கிறார்களோ. என் கேள்வி வேறு. என் மகன் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான். எதுக்குப் போகணும் என்று எதிர்த்துப் பேசுகிறான். கட்டாயப்படுத்தலாமா, விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நான் பதில் எழுத உட்கார்ந்தது நீங்கள் கேட்ட எதற்காகவும் இல்லை, நீங்கள் சிரித்துவிட்டுக் கடந்துபோன அந்த மீனுக்கும் ரொட்டிக்கும்தான். போன மாதம் ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முந்நூறு பிள்ளைகள் இருப்பார்கள். பேசி முடித்ததும் ஏதாவது கேளுங்கள் என்றேன். ஒரு கை எழவில்லை. அப்புறம் ஆசிரியை ஒருவர் முன்வரிசையைப் பார்த்துக் கண்காட்ட, ஒரு சிறுமி எழுந்து, உள்ளங்கையில் மடித்து வைத்திருந்த துண்டுச்சீட்டைப் பிரித்து, யாரோ எழுதிக்கொடுத்த கேள்வியை என்னிடம் ஒப்பித்தாள். பதிலைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. அந்தச் சமயத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சில்லறைகளை முதலில் முடித்துவிடுகிறேன். மூளைச்சலவை என்ற சொல்லை எப்போதும் அடுத்த வீட்டுக்காரருக்கென்றே எடுத்து வைத்திருக்கிறோம், நம் வீட்டில் நடந்தால் அதற்குப் பெயர் பண்பாடு. இஸ்ரேல் விஷயத்தை இதில் இழுக்கவேண்டாம், அது வேறு கடிதம், வேறு கோபம். இருபதாயிரம் டாலர் அவர்கள் பணம்.

இனி அந்தப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று சொல்கிறேன். எனக்கு எபிரேயம் தெரியாது, யூதர்களின் சட்டமும் விவாதமும் அடங்கிய பழைய நூலான தல்மூதை ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வருடமாக மெல்ல மெல்லப் படித்துவருகிறவன், அவ்வளவுதான். மழலையர் வகுப்பிலேயே இருபத்திரண்டு எழுத்துகளும் வந்துவிடும், வலமிருந்து இடம். வெள்ளிக்கிழமை, சப்பாத் என்ற வார ஓய்வுநாளுக்கு முன்பு உண்டியலில் காசு போடுவார்கள், பின்னிய ரொட்டி, திராட்சைச் சாறு எல்லாம் உண்டு. பல பள்ளிகளில் முதல் வகுப்பில் விழா வைத்து ஜெபப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள், இரண்டாம் வகுப்பு வாக்கில் அவர்கள் வேதமான தோரா. நிறைய இடங்களில் ஆபிரகாமிடம் 'உன் தேசத்தை விட்டுப் புறப்பட்டுப் போ' என்று கடவுள் சொல்லும் இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். புத்தகம் கைதவறி விழுந்தால் எடுத்து முத்தமிட வேண்டும். நாம் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதுதான். பன்னிரண்டு, பதிமூன்றாம் நூற்றாண்டு ஜெர்மனியில் முதல்நாள் பள்ளிக்கு வரும் குழந்தையை அங்கியில் பொதிந்து தூக்கிவந்து, பலகையில் எழுத்துகளை எழுதி, மேலே தேன் தடவி நக்கச் சொல்வார்கள். நெல்லில் விரல் பிடித்து எழுதவைத்த நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை.

எல்லாப் பள்ளியும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைக்கவேண்டாம். நியூயார்க்கில் ஹசிதியர் என்ற தீவிர ஆசாரப் பிரிவினர் நடத்தும் சில பையன் பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் பேருக்குத்தான் நடக்கின்றன, அந்த நகரமே விசாரித்துக் குறை சொல்லியிருக்கிறது. அது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெண்பிள்ளைகளுக்கு முறையான தோரா வகுப்பே இல்லாமல் இருந்த காலத்தில், 1917ல், போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண்மணிதான் பள்ளி தொடங்கினார். இன்றும் பல ஆசாரப் பெண்பள்ளிகளில் தல்மூத் கிடையாது. உங்கள் பக்கத்து வீட்டில் பெண் இருந்திருந்தால் உங்களுக்கு இந்த மீன் கதையே கிடைக்காமல் போயிருக்கலாம்.

சரி, மீன். தல்மூதில் பாவா மெட்சியா என்றொரு பகுதி, அதன் இரண்டாம் அத்தியாயம் கண்டெடுத்த பொருள்களைப் பற்றியது. பத்து, பதினொரு வயதில் பிள்ளைகள் சட்டத்துக்குள் காலடி வைப்பது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். கடவுள் உண்டா, ஆத்மா எங்கே போகிறது என்றெல்லாம் தொடங்கவில்லை பாருங்கள். கீழே கிடந்ததை எடுத்தாயே, அது உன்னுடையதா?

பட்டியல் இருக்கிறது. சிதறிக் கிடக்கும் பழம், சிதறிய காசு, கோத்த மீன், ரொட்டிக்கடை ரொட்டி, இவற்றை எடுத்தவனே வைத்துக்கொள்ளலாம். பையோடு கிடக்கும் காசு, பாத்திரத்தோடு கிடக்கும் பழம், வீட்டில் சுட்ட ரொட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று காசு, இவற்றை ஊரறியச் சொல்லி உடையவனைத் தேட வேண்டும். கடை ரொட்டி எல்லாம் ஒரே அச்சு. வீட்டு ரொட்டியில் சுட்டவளின் கை தெரியும், பார்த்தால் 'இது நான் சுட்டது' என்று சொல்லிவிடுவாள். அடுக்கி வைத்த காசில் அடுக்கியதே அடையாளம். சிதறிய காசு ஏன் எடுத்தவனுக்கு? மனிதன் அடிக்கடி மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ளும் பிராணி, அதனால் தொலைந்தது அவனுக்கு அதற்குள் தெரிந்திருக்கும், போனது போனதுதான் என்று கைகழுவியிருப்பான் என்கிறார் ஒரு ரபி, அதாவது யூத மத ஆசான். இதைப் படித்தபோது என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

இங்கேதான் வம்பு தொடங்குகிறது. தொலைந்ததே இன்னும் அவனுக்குத் தெரியாது, தெரிந்தால் கண்டிப்பாக ஆசையை விட்டுவிடுவான், அப்போது? விட்டதாகவே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் ராவா என்ற ரபி. அதெப்படி, நீ எடுத்த நேரத்தில் அவன் விடவில்லையே என்கிறார் அபாயே என்ற இன்னொரு ரபி. நான்காம் நூற்றாண்டு பாபிலோனில் நடந்த இந்தச் சண்டையைத்தான் உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் டீனெக்கில், கட்டைவிரலை ஆட்டி ஆட்டி, ஒரு ராகத்தோடு, எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு பையனிடம் மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் சிரித்தீர்கள். 'உனக்கு யார் பக்கம்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரைமணி நேரம் உங்களை எழவிட்டிருக்க மாட்டான். நல்ல சந்தர்ப்பத்தைக் கோட்டைவிட்டீர்கள் அம்மா.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், நான் ஆறாவது படிக்கும்போது பெஞ்சுக்கு அடியில் ஒரு ஹீரோ பேனா கிடைத்தது. வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, யாருதுடா இது என்றார். நாலு கை எழுந்தது, ஹீரோ பேனா ஆயிற்றே. முன்வரிசையில் இருந்த ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். நான் எழுந்து, சார், பேனாவைக் காட்டாமல் அடையாளம் கேட்டிருக்கலாமே என்றேன். மூடியில் பல்லால் கடித்த தடம் இருந்தது, நான் பார்த்திருந்தேன். 'அதிகப்பிரசங்கி' என்று சொல்லி இரண்டு கையிலும் பிரம்பால் போட்டார். அடி வலித்தது அன்றைக்குத்தான், அந்தச் சொல் பல வருடம் கூடவே வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து, அது என் பேனாடா என்றான். ஏண்டா கை தூக்கவில்லை என்றதற்கு, போகட்டும் விடு என்றான். அவனுக்குப் பேனா கடிக்கிற பழக்கம் உண்டு.

தல்மூதில், கண்டெடுத்தவன் பொருளைக் காட்டக் கூடாது, அறிவிக்கத்தான் வேண்டும், அடையாளத்தைக் கேட்டு வருகிறவன் சொல்ல வேண்டும். பழைய ஜெருசலேமில் இதற்கென்றே ஒரு கல் இருந்ததாம், எடுத்தவனும் தொலைத்தவனும் அங்கே போய் நிற்பார்களாம். ஏமாற்றுக்காரர்கள் பெருகியபிறகு, அடையாளம் சொன்னால் போதாது, யோக்கியன் என்று காட்டவும் வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பை அந்தச் சட்டம் முன்கூட்டியே பார்த்துவைத்திருக்கிறது.

இன்னொன்று, இது என்னை உலுக்கிய இடம். போகட்டும் விடு என்று அவன் கைகழுவிவிட்டான், அப்படியானால் பேனா எடுத்த எனக்குத்தானே சேர வேண்டும் என்று ஒரு நாள் படித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. ஐம்பது வயதுக்குமேல் ஆகியும் ஒரு பேனாவுக்கு வழக்காடினேன், சிரிக்காதீர்கள். தேடிப் பார்த்தால், அடையாளம் உள்ள பொருளில் ராவாவுக்கும் அபாயேவுக்கும் சண்டையே கிடையாது. தொலைந்தது தெரியாத நிலையில் அதை ஒருவன் எடுத்துவிட்டால், பிறகு உடையவன் ஆசையை விட்டாலும் செல்லாது. பல் தடம் போதும். அது அவன் பேனா. அவன் எங்கே இருக்கிறான் என்று இப்போது தெரியாது, இருந்தால் ஒரு ஹீரோ பேனா வாங்கித் தரலாம்.

எங்கள் வகுப்பில் அறுபத்து மூன்று பேர், அதையும் சொல்லிவிட வேண்டும், வாத்தியாரை மட்டும் குறைசொல்லி என்ன செய்ய. ஒரு வாத்தியாருக்கு இருபத்தைந்து பிள்ளைகள், நாற்பதானால் ஓர் உதவியாள், ஐம்பதானால் இரண்டு வாத்தியார் என்று தல்மூதில் கணக்கு இருக்கிறது.

இதையெல்லாம் யூதர்களின் தனிச்சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். ராஷி என்றொரு உரையாசிரியர், பிரான்சின் திருவா நகரத்துக்காரர், 1105ல் இறந்தவர். அவர் உரையைப் படிக்கும் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் கேட்கும் வழக்கமான கேள்வி, இந்த இடத்தில் ராஷிக்கு என்ன உறுத்தியது என்பது. உரை என்ன சொல்கிறது என்று நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். நம் பழைய உரைகளைத் திறந்து பாருங்கள், 'அஃது என்னை எனின்' என்று பக்கத்துக்குப் பக்கம் உறுத்தல்தான். அதைக் கோனார் நோட்ஸ் ஆக்கியது நாம்.

நன்னூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால்பங்கு, கூடப் படிக்கிறவர்களோடு பயின்றால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி இரண்டு கால் என்கிறது. தல்மூதில் ஒரு ரபி சொல்கிறார்: ஆசிரியர்களிடம் நிறையக் கற்றேன், தோழர்களிடம் அதைவிட அதிகம், மாணவர்களிடம் எல்லாரையும்விட அதிகம். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. அவர்கள் அந்தத் தோழனை இன்றும் எதிரே உட்காரவைத்திருக்கிறார்கள், ஹவ்ருதா என்று அதற்குப் பெயரும் உண்டு. நாம் 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்ற சூத்திரத்தை இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கி, மனப்பாடம் பண்ணு என்று கொடுத்துவிட்டோம்.

அவர்களும் மகான்கள் இல்லை. இரேமியா என்ற ரபி, பறவைக் குஞ்சு ஒன்றின் ஒரு கால் எல்லைக்கு இந்தப் பக்கம், மறுகால் அந்தப் பக்கம் இருந்தால் யாருக்கு என்று கேட்டார் என்பதற்காகப் பாடசாலையை விட்டே துரத்திவிட்டார்கள். அதிகப்பிரசங்கிக்கு அங்கேயும் இடமில்லை! ஆனால் துரத்திய கதையை மறைக்காமல் அந்தக் கேள்வியோடு சேர்த்தே எழுதிவைத்தார்கள். பிற்பாடு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதும் அதே நூலில் இருக்கிறது. முடிவு தெரியாத வழக்குகளுக்கு 'தேக்கு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அப்படியே நிற்கட்டும் என்று பொருள். இன்றைய இஸ்ரேலில் கால்பந்தாட்டம் சமநிலையில் முடிந்தால் அதற்கும் தேக்குதான்.

தமிழ்ப் பள்ளி. மறக்கவில்லை. எதுக்குப் போகணும் என்று மகன் கேட்டதை எதிர்த்துப் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவன் கேள்வி கேட்டிருக்கிறான். என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரி இல்லை. அந்தப் பதிலை முதலில் நீங்கள் கண்டுபிடியுங்கள், கட்டாயமா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

அதற்கு முன்னால், இந்த வாரம் இரண்டு பையன்களையும் சமையல்கட்டு மேசையில் எதிரெதிரே உட்காரவையுங்கள். மூன்று காசை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டி, மூன்று இருந்தால் ஊருக்குச் சொல்ல வேண்டுமாம், இரண்டே இரண்டு இருந்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். உங்கள் மகன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். மற்றவன் சொல்வது புத்தகத்திலேயே இருக்கும்.