குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி இலவசம்தானே, அதில் குடும்ப வருமானமும் அந்தஸ்தும் எங்கே வருகிறது?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பைசா வாங்காமல்தான் ஊசி போடுகிறார்கள். ஆனால் தினக்கூலிக் குடும்பத்துக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. அங்கேதான் வருமானம் வருகிறது.

என் அம்மா வடமாவட்டம் ஒன்றில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். அவரோடு செங்கல் சூளைகளுக்குப் போயிருக்கிறேன். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முன்பணம் வாங்கியிருப்பார்கள். அறுக்கிற ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. நடுராத்திரி தாண்டியதும் வேலையில் இறங்கிவிடுவார்கள். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டா ஊசி போட்டால் அன்று ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கலாம், தொடை வீங்கி இடுப்பை விட்டு இறங்காது. மறுநாள் வேலையும் போச்சு. "அடுத்த புதன் போட்டுக்கறேன் நர்ஸம்மா" என்று ஒரு தாய் சொல்வதை அறியாமை என்று எழுதிவிட எனக்கு மனம் வராது. அம்மா மதியம் வேலை ஓயும் நேரம் பார்த்து, ஊசி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூளைக்கே போவார். பாராசிட்டமால் எத்தனை சொட்டு என்று கையில் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவார்.

இப்படி வீடு தேடிப் போவது நின்றால் என்ன ஆகும்? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமத்துக்குள்ளேயே இருக்கும் துணை சுகாதார நிலையங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பயத்தில் எடுத்த முடிவு, புரிகிறது. ஆனால் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2005-06ல் சுமார் 81 சதவீதமாக இருந்த தமிழகத்தின் முழுத் தடுப்பூசி அளவு 2015-16ல் 70க்கு இறங்கியது. அந்த முடிவையும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள். பிறகு மீண்டு, 2019-21ல் 89ஐத் தொட்டது.

நாடு முழுக்கப் பார்த்தால் 2005-06ல் மிக ஏழைக் குடும்பங்களில் 24 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் எல்லா ஊசியும் கிடைத்திருந்தது. மிக வசதியான வீடுகளில் 71. பத்தாண்டில் அது 53க்கு 70 என்று நெருங்கியது. நிமோனியாவுக்கான பிசிவி ஊசி மட்டும் தமிழக அரசுத் திட்டத்துக்கு 2021ல்தான் வந்தது. அதுவரை தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். அடுப்புப் புகையில் வளரும் குழந்தைக்குத்தான் அந்த நோய் அதிகம் வரும், அதற்குத்தான் அத்தனை நாள் இலவச ஊசி இல்லை. இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அந்தஸ்து வேறு மாதிரி வேலை செய்யும். தடுப்பூசி அட்டையைத் தொலைத்த இருளர் பழங்குடிப் பெண்ணிடம் எல்லார் முன்னாலும் "இதைக்கூட வெச்சுக்கத் தெரியாதா?" என்று கத்துவார்கள். அதே அட்டையைத் தொலைத்த வாத்தியார் வீட்டம்மாவை உட்காரவைத்துப் புது அட்டை எழுதித் தருவார்கள். முதலாமவர் அடுத்த தவணைக்கு வரமாட்டார்.

வசதி இருந்தால் எல்லாம் சரியாக நடக்கும் என்றும் இல்லை. 2017ல் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, நன்றாகப் படித்த பெற்றோர்கூட வேண்டாம் என்றார்கள். முகாமின் கடைசித் தேதியையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

உங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்த குடும்பம் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: சொந்த ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்பதில்லை, பக்கத்து அரசு சுகாதார நிலையத்திலேயே போடலாம். நாள் தப்பியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட தவணையிலிருந்து தொடரலாம்.