முழங்கால் மாற்று: தொடையில் போடும் மரப்பு ஊசி

அம்மாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் மாற்று. முதுகில் ஓர் ஊசி, தொடையில் ஓர் ஊசி என்றார்கள். எதற்கு இரண்டு? (ஈசூன் வாசகி)

முதுகு ஊசி அறுவைக்காக. சில மணி நேரத்தில் இறங்கிவிடும். தொடை ஊசி அதற்குப் பிறகு வரும் வலிக்காக. மயக்க மருத்துவர்களான நாங்கள் இதை 'பிளாக்' என்போம். அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைப் பார்த்து, தொடையின் உட்பக்கத்தில் அதன் அருகே மரப்பு மருந்தைச் செலுத்துவோம்.

அப்பாவுக்கு அன்று முழுக்க வலியே இல்லை. மறுநாள் விடியற்காலை துடித்துப்போய்விட்டார். ஊசி சரியாகப் போடவில்லையா? (தெம்பனிஸ் வாசகர்)

போட்டது வேலை செய்திருக்கிறது. ஒருமுறை போடும் பிளாக் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் தாங்கும். அது இறங்கும்போது, அதுவரை தெரியாத வலி ஒரே நேரத்தில் தெரியவரும். பெரும்பாலும் நடுராத்திரியில்தான், பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு.

அதனால்தான் வலி இல்லாதபோதே மாத்திரை கொடுக்கிறோம். ஒரு பாட்டி, "வலிக்கவே இல்லையே, எதற்கு?" என்று இரண்டு பாரசிட்டமாலை டிஷ்யூவில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். அதிகாலை 3 மணிக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். வலி ஏறிய பிறகு அதை இறக்குவது மிகவும் கஷ்டம். நம் பெரியவர்கள் தாதியைக் கூப்பிடவே தயங்குவார்கள், பாவம் அவருக்கு எத்தனை வேலை என்று. தயவுசெய்து மணியை அழுத்தச் சொல்லுங்கள். அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

இன்னொன்று: இந்த பிளாக் முழங்காலின் முன்பக்கத்தையும் உட்பக்கத்தையும்தான் மரக்கவைக்கும். பின்பக்கத்துக்கு வேறு நரம்புகள். அங்கே வலித்தால் பயப்பட வேண்டாம், சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு.

கால் மரத்துப்போனால் எப்படி நடப்பது? (ஜூரோங் வாசகி)

முன்பு இடுப்புக்கு அருகே, தொடை நரம்பிலேயே போடுவது வழக்கம். வலி நன்றாகக் குறையும், ஆனால் தொடைத் தசை தளர்ந்து கால் மடங்கிவிடும். இப்போது தொடை நடுவில் போடுவதால் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பலர் அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்கிறார்கள். ஆனாலும் கழிவறைக்குத் தனியாக எழுந்து போகவே கூடாது. புது மூட்டோடு விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு நீரிழிவு, ரத்தம் உறையாதிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறேன். போடலாமா? (பெயர் வேண்டாம்)

பெரும்பாலும் போடலாம். ஆனால் அந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முதுகு ஊசிக்கு அது மிக முக்கியம். பாதத்தில் ஏற்கெனவே மதமதப்பு இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசியால் நரம்பு நிரந்தரமாகக் கெடுவது மிக அரிது. ஓரிரு நாளுக்குப் பிறகும் மரப்பு போகவில்லை என்றால் உடனே கூப்பிடுங்கள்.